குழலுக்கும் குழலுக்கும் நடுவே

நான்கு முறை எண்ணினேன். முதல் முறை வந்த எண்ணை நம்பவில்லை. எதையும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்கிற ஆள் இல்லை நான். வீட்டுப் பூட்டைக்கூட இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். அதனால் கண்ணாடித் தட்டைக் கழுவி, துடைத்து, மறுபடியும் ஒரு சொட்டு வைத்து, மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ணினேன். நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது.

போடியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் லேப் டெக்னீசியன் படிக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன், மாலை ஆறிலிருந்து எட்டு வரை. வியாழன் காலை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே போய்விடுவேன். அங்கே ஓர் எஸ்டேட்டில், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில், ஏலக்காய் காய வைக்கும் வேலை. ஞாயிறு சாயங்காலம் இறங்குவேன். ஆறு வருடமாக அந்த ஸ்டோர்தான் எனக்குச் சோறு போடுகிறது. படிப்பு இந்த வருடம்தான்.

விந்துப் பரிசோதனைப் பாடம் வந்தபோது பழகிப் பார்க்க மாதிரி கிடைக்கவில்லை. "பேர் வேண்டாம். டப்பாவில நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுத்தா போதும்" என்றார் சுஜாதா மேடம். வகுப்பில் ஆண்கள் ஐந்து பேர். நால்வர் செல்போனைப் பார்த்தபடி குனிந்துகொண்டார்கள். மறுநாள் நான் கொடுத்தேன். அதைத் தைரியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கையெழுத்து, கணக்கு, பேச்சு என்று என்னிடம் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன் நான். இது ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதனால்தான் கொடுத்தேன். டப்பாவில் ஒட்டியது ஏழாம் நம்பர்.

ஒரு மில்லியில் குறைந்தது ஒன்றரைக் கோடி அணுக்கள் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ஏழாம் நம்பரில் முப்பது லட்சம். அதிலும் பாதிக்கு மேல் அசையவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. அதற்காக என் மனைவி முத்துப்பிரியாவுக்கு மூன்று தடவை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு தடவை சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருப்பதாகவே எழுதிக் கொடுத்தார்கள். "காசுக்கு எழுதிக் குடுத்திருப்பாக" என்றாள் என் அம்மா அன்னக்கொடி. எனக்கு ஒரு பரிசோதனையும் யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சிவராத்திரி கழிந்த ஞாயிறு சிலமலையில் எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. அன்றைக்குப் பங்காளிகளை வைத்துக்கொண்டு முத்துவை அத்துவிட்டு அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும், ராசிங்காபுரத்து மாமா மகள் வித்யாவை எனக்குப் பேசி முடிப்பது என்றும் பெரியப்பா ராக்கையா முடிவு செய்திருந்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் சொல்தான் சொல். இது எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரிந்தும் "பாப்போம் பெரியப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் எண்ணிக்கை தவறாக இருக்கும் என்று தேனிக்குப் போய் ஒரு லேபில் காசு கட்டிக் கொடுத்தேன். இருபத்தெட்டு லட்சம் என்று வந்தது. என் எண்ணிக்கை ஏறக்குறைய சரி. வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த முதல் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

ரிப்போர்ட்டைப் பார்த்த தேனி டாக்டர் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே அடுப்பில் விறகெரித்து, அறை முழுக்க ஓடும் இரும்புக் குழாய்களில் சூடேற்றி, ஒன்றரை நாள் விடாமல் காய வைக்க வேண்டும். அனல் குறைந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். அதனால் ஆள் அங்கேயே படுக்க வேண்டும்.

"எங்க படுப்பீங்க?"

"குழாய்க்கு மேல பலகை போட்டு, சார். மேல குளிரு தாங்காது."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சூடு ஒரு காரணமாக இருக்கலாம், அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு சிலதும் பார்க்க வேண்டும் என்றார். சூட்டில் படுப்பதை உடனே நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். ஒரு விந்தணு உண்டாகி முடிய எழுபது நாளுக்கு மேல் ஆகும், அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

அந்தப் புதன்கிழமை வகுப்பில் விந்தகத்தின் படம். சுஜாதா மேடம் பலகையில் வரைந்தார். வெளியே வெள்ளையாகக் கெட்டியான உறை. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழல்கள். அந்தக் குழல்களின் உள்சுவரில்தான் விந்தணுக்கள் உண்டாகின்றன. பிறகு குழலுக்கும் குழலுக்கும் நடுவே இருந்த இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். "இந்தச் செல்கள் வேற. இதுங்கதான் ஆண் ஹார்மோன் சுரக்குது. மீசை, தாடி, குரல், உடம்புக் கட்டு எல்லாம் இதுங்க வேலை. குழல் சூட்டுக்குச் சீக்கிரம் கெடும். இது அவ்வளவு சீக்கிரம் கெடாது."

நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே உறைக்குள் இரண்டு விதமான வேலை. ஒன்று நின்றாலும் மற்றது நடக்கும். நாங்கள் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், ஒன்றைப் பார்த்து மற்றதற்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். "மீசையப் பாரு, அறுபது கிலோ மூட்டைய ஒத்தையில தூக்குறான். இவனுக்கு என்ன கொற இருக்கும்?" இது பெரியப்பா நான்கு வருடமாகச் சொல்லி வருவது.

வியாழன் காலை முத்து எனக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. எட்டு மணிக்குப் போக வேண்டும். தேனி ரிப்போர்ட்டை எடுத்து அம்மியின் மேல் வைத்தேன்.

"கொற என்கிட்டதான் முத்து."

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். கையைத் துடைத்துவிட்டுத் தாளை எடுத்துப் படித்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். எண்ணைப் பார்த்தாள், பக்கத்தில் இருக்க வேண்டிய எண்ணையும் பார்த்தாள்.

"சாயம் ஏத்துன அன்னைக்கு நான் உள்ள கத்துனேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல."

"கேக்காது. நீங்க எதுத்தாப்புல டீக்கடையில இருந்தீக."

தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். "ஞாயித்துக்கிழம நீயே எல்லார்கிட்டயும் சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். இப்படிச் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

"நான் சொன்னா பழியத் தூக்கிப் புருசன் மேல போடுறாம்பாக. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீங்க" என்று டிபனை என் கையில் கொடுத்தாள். "சொல்லலைன்னா நானா கெளம்பிருவேன். யாரும் அத்துவிட வேணாம்."

அன்று சாயங்காலம் ஸ்டோரில் விறகை அடுக்கிவிட்டு, பாயைத் தூக்கி வெளியே தாழ்வாரத்தில் போட்டேன். கூட வேலை பார்க்கும் வீரணன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"எந்தா அப்பு, ஸ்டோரு கசந்துபோச்சா? ராத்திரி வெறைச்சுக் கெடந்தா நான் ஒன்னத் தூக்கிட்டு ஜீப்புக்கு ஓட முடியாது."

"உள்ள சூடுண்ணே."

"சூடுக்குத்தான்டா ஸ்டோரு."

முதலாளி, கங்காணி எல்லோருக்கும் விஷயம் போயிற்று. உள்ளே படுக்க முடியாது, இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காய் நிறம் மாறினால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். மாறவில்லை. குளிர் மட்டும் எலும்பு வரைக்கும் போயிற்று.

சனிக்கிழமை லீவு சொல்லி இறங்கினேன். ஜீப்பு ஓட்டியவன் சுருளிவேல். ராசிங்காபுரத்து மாமா மகன், வித்யாவின் அண்ணன். மாமா போன பிறகு தங்கைக்குப் பொறுப்பு அவன்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நாளைக்குக் கிடா வெத மாப்ளைக்குத்தான். மூணாவது வருசம். இந்தத் தடவயாச்சும் மென்னு தின்னு. முழுங்கினா வேல செய்யாதாம்."

ஜீப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பங்காளிகளுக்குள் அது ஒரு வழக்கம். கோயில் கிடாயின் தலை பூசாரிக்கு. விதை இரண்டையும் வாட்டிப் பிள்ளையில்லாத ஆம்பளைக்குக் கொடுப்பார்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் எல்லோரும் பார்க்க நான் தின்றிருக்கிறேன். சுருளிவேலுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் பிள்ளை இல்லை. ஆனால் அவன் பங்காளி இல்லை, மாமன் மகன். அதனால் தப்பித்தான்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கறி வெட்டி முடிந்தது. புளியமரத்தடியில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, தேக்கிலையில் வைத்திருந்த விதைகளைக் காட்டி, "வாட்டிக் கொண்டாங்கப்பா. அவன் தின்னதும் பேசிருவோம். முத்து வீட்டு ஆளுகளுக்கும் சொல்லிவிட்டாச்சு. இவனுக்கு என்ன, மீசையப் பாரு, மூட்டைய ஒத்தையில…" என்று தொடங்கினார். முத்து பெண்கள் பக்கத்தில் அண்டாவுக்கு அருகே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுந்ததும் அது சட்டைப் பையில் இருப்பது மறந்துபோயிற்று. போய் இலையை எடுத்தேன். கறி வெட்டியவரிடம் சூரிக்கத்தியை வாங்கினேன்.

"இத வாட்ட வேணாம் பெரியப்பா. நான் இன்னைக்குத் திங்கல. அறுத்துக் காட்டுறேன்."

"கசாப்புக் கடை வைக்கப் போறாப்லயா?" என்றான் சுருளிவேல்.

வெள்ளை உறையை நீளவாக்கில் கீறினேன். உள்ளேயிருந்த இளஞ்சிவப்புச் சதை பிதுங்கிக்கொண்டு வந்தது. படத்தில் பார்த்ததைத் தவிர நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தரையில் கிடந்த கருவேல முள்ளை எடுத்து அந்தச் சதையில் குத்தி மெல்ல இழுத்தேன். முடியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஓர் இழை நீண்டு வந்தது, அறாமல் வந்தது. அது வந்தபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

"இது குழலு. ஒரு வெதைக்குள்ள இந்த மாதிரி நூத்துக்கணக்குல சுருண்டு கெடக்கு. பிள்ள உண்டாகுற அணு இதுக்குள்ளதான் பெறக்குது. மனுசனுக்கும் இப்பிடித்தான்."

"பொம்பளைக இருக்காக" என்றார் பெரியப்பா.

"இருக்கட்டும் பெரியப்பா. அவுகளும் கேக்கணும்." முள்ளால் அந்த இழைகளுக்கு இடையே தொட்டுக் காட்டினேன். "இந்தக் குழலுக்கும் அந்தக் குழலுக்கும் நடுவுல இருக்கிறது வேற. கண்ணுக்குத் தெரியாது. மீச மொளைக்கிறது, மூட்ட தூக்குறது, அந்தச் சோலி எல்லாம் அதோடது. பிள்ளைக்கு அது மட்டும் பத்தாது. எனக்கு நடுவுல இருக்கிறது நல்லாருக்கு. குழல்லதான் ஆளு இல்ல. ஒன்றரக் கோடி இருக்கணும். எனக்கு முப்பது லட்சம்."

யாரோ பின்னாலிருந்து, "முப்பது லட்சம் பத்தாதா? ஒண்ணு போனாப் போதும்ல" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

"போடிமெட்டுக்கு நடந்து ஏறுற மாதிரிதாண்ணே. நூறு பேரு கெளம்பினா பத்துப் பேருதான் மேல போய்ச் சேருவான். கெளம்புறதே பத்துப் பேருன்னா?"

சிரிப்பு நின்றது. இது வெளியில் தொங்குவதற்குக் காரணமே இதற்கு உடம்புச் சூடு ஆகாது என்பதுதான், நான் ஆறு வருடம் ஸ்டோரில் குழாய் மேல் படுத்தேன், அதனால் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பிறகு, "முத்துகிட்ட எந்தக் கொறையும் இல்ல. நாலு வருசமா நீங்க அவளப் பேசுனது எல்லாம் எனக்கு உள்ளது" என்றேன்.

அம்மா ஓடிவந்து என் கையிலிருந்த இலையைத் தட்டிவிட்டாள். "வாய மூடு அப்பு. ஆம்பள சொல்ற பேச்சா இது? எவளோ சொல்லிக் குடுத்துப் பேசுறான். எவனோ பொய்யா எழுதிக் குடுத்திருக்கான்."

"முதல்ல எண்ணுனது நான்தான்மா. நாலு தடவ எண்ணுனேன்."

ரிப்போர்ட்டை எடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெரியப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து வித்யா வந்து தாளை வாங்கினாள். காலேஜ் முடித்த பெண். எண், அளவு, தேதி எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துத் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"எனக்கு இது வேணாம்னு போன மாசமே சொன்னேன்ல அண்ணே" என்று சுருளிவேலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

சுருளிவேல் முகம் கறுத்துவிட்டது. "கொற உள்ள எடத்துல என் தங்கச்சியக் குடுக்க முடியாது மாமா" என்றான் பெரியப்பாவிடம்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஐம்பது பேருக்கு முன்னால ஒன் மானத்த நீயே அறுத்துப் போட்டுட்ட. சிலமலை, ராசிங்காபுரம், போடி, எங்கிட்டுப் போனாலும் இனி ஒனக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

"வேணாம் பெரியப்பா" என்றேன்.

அதைத் தெரிந்தேதான் செய்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து, "பந்தியப் போடுங்க. இவுக ரெண்டு பேரு எலையிலயும் ஒண்ணும் வைக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாயடியில் கை கழுவினேன். விரல் நகத்தில் ரத்தம் போகவில்லை. சுருளிவேல் வந்து பக்கத்தில் நின்று, கழுவின கையையே மறுபடியும் கழுவினான்.

"மாப்ளே."

"சொல்லு."

"ஜீப்பு எஞ்சினு அனலு பூரா என் சீட்டுக்குத்தான் வருது. அந்தச் சூடும் சேருமா?"

"தெரியாது மச்சான். நெசமாத் தெரியாது. பாத்துக்கலாம். தேனியில எடுக்குறாக. நீ வேணும்னா வகுப்புக்கு வா. பேரு வேணாம், நம்பர் போதும்."

"வெறும் வயித்துல வரணுமா?"

"சாப்புட்டே வரலாம்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என்னை விட்டு விலகிப் போய் உட்கார்ந்தான்.

பந்தியில் நானும் கடைசியில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இலை முத்துவுக்கு. சோறு பரிமாறியவர் எங்கள் இரண்டு இலைகளையும் தாண்டிப் போனார். அவர் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தார். போய்விடலாம் என்று எழப் போனேன். முத்து என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். அவள்தான் எழுந்தாள். அண்டாவடிக்குப் போய்ச் சோற்று வாளியில் புதிதாக அள்ளி, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

எங்கள் இலைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் மறுசோறு வைக்க வரிசையின் தொடக்கத்துக்குப் போனாள். முதல் இலை பெரியப்பாவுடையது. அவர் போதும் என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. முத்து ஒரு கரண்டி வைத்தாள். அடுத்த இலை, அடுத்த இலை என்று குனிந்து குனிந்து வந்தாள். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. சோறு வைக்க வருகிறவளைத் தடுத்து எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை.

அம்மாவின் இலைக்கு வந்தாள். அம்மா இலையின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். முத்து கரண்டியை நீட்டியபடியே நின்றாள். வரிசை முழுக்கப் பேச்சு அடங்கியது. வாளியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"கைய எடுங்க அத்தை. சோறு சூடு."

அம்மா எடுக்கவில்லை. முத்துவும் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று எண்ணத் தோன்றவில்லை எனக்கு. பிறகு அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. கை இலையை விட்டு மடிக்குப் போயிற்று. முத்து சோற்றை வைத்தாள், குழி பறித்துக் குழம்புக்கு இடம் விட்டாள். அடுத்த இலைக்குப் போனாள்.